குப்புறப் படுக்க வைப்பதா, அப்படியே விடுவதா, டியூப் போடுவதா?

வைரஸ் காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆள் நல்ல நினைவோடு இருக்கிறார், பேசுகிறார், போன் வந்தால் எடுக்கிறார், ஆனால் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 86 காட்டுகிறது. இந்த இடத்தில் கூட நிற்கிற குடும்பத்தார் இப்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: "குப்புறப் படுக்க வச்சா சரியாயிடுமா சிஸ்டர்?" 2021-க்கு முன்னால் நாகர்கோவிலில் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் தலையணைப் படங்களோடு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது, அது வாட்ஸ்அப்பில் நீரோடியிலிருந்து ஆரல்வாய்மொழி வரை போய்ச் சேர்ந்தது. கொரோனா அடங்கிய பிறகும் கேள்வி அடங்கவில்லை. மழைக்காலத்தில் இன்ஃபுளுயன்சா நிமோனியா, பன்றிக் காய்ச்சல் என்று யாராவது வந்து படுத்தால் உடனே வந்துவிடுகிறது.

நாகர்கோவில் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு. நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் மருந்து மாத்திரை பற்றிப் பேசப் போவதில்லை. எந்த வழி யாருக்குச் சரிவரும், எதற்கு எது மாற்று, எது மாற்றே இல்லை என்று மட்டும் சொல்கிறேன். என் கருத்தை இப்போதே வைத்துவிடுகிறேன்: நிறைய ஆக்சிஜன் தேவைப்படுகிற ஆள், ஹை ஃப்ளோ (மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் தள்ளும் மெஷின்) மாதிரி ஒன்றில் இருந்து, பக்கத்தில் கண் வைத்துப் பார்க்க ஆளும் இருந்து, நாளைக்கு எட்டு மணி நேரமாவது குப்புறக் கிடக்க முடியுமென்றால், கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். லேசான கேஸில் அதற்காக ஆளைப் போட்டு நச்சரிக்க வேண்டியதில்லை. டியூப், அதாவது மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் இணைப்பது, தேவைப்படும் நிலைக்குப் போய்விட்ட ஆளுக்கு அது டியூப்புக்குப் பதில் கிடையாது. இந்த மூன்றாவதைத்தான் நிறையப் பேர் கேட்க விரும்புவதில்லை.

ஏன் வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் இதயத்தின் கனம், வயிறு மேலே தள்ளுவது, நீர் கோத்து வீங்கிய நுரையீரலின் சொந்தக் கனம் எல்லாம் சேர்ந்து அந்தப் பின்பகுதியை அமுக்கிவிடும். அங்கே காற்றுப் பைகள் மூடிக்கொள்ளும், ஆனால் ரத்தம் மட்டும் வழக்கம்போல அங்கேதான் அதிகம் போகும். காற்றில்லாத இடத்துக்குப் போன ரத்தம் ஆக்சிஜன் எடுக்காமல் வெறும் கையோடு திரும்பி வருகிறது. ஆளைக் கவிழ்த்துப் போட்டால் இதயம் நெஞ்செலும்புப் பக்கம் சாய்ந்துவிடும், முதுகுப் பக்கம் விரிந்துகொடுக்கும். ரத்தம் போகும் பாதை பெரிதாக மாறாததால் காற்றும் ரத்தமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அவ்வளவுதான் சங்கதி. வைரஸை இது ஒன்றும் செய்வதில்லை, உடம்பு தேறும்வரை நேரம் வாங்கிக் கொடுக்கிறது.

இது கொரோனாவோடு வந்த புதுச் சரக்கும் இல்லை. 1970-களிலேயே ஐ.சி.யு.க்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். பெரிய திருப்பம் 2013-ல் பிரான்சில் குவெரினும் அவருடைய குழுவினரும் செய்த புரோசேவா ஆய்வு. 466 பேர், எல்லாரும் ஏற்கெனவே டியூப் போட்டு மயக்கத்தில் வென்டிலேட்டரில் இருந்தவர்கள், கடுமையான ஏ.ஆர்.டி.எஸ்., அதாவது நுரையீரல் வீங்கி நீர் கோத்து ஆக்சிஜன் ஏறாமல் போகும் நிலை. தினமும் பதினாறு மணி நேரம் குப்புறப் போட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம், மல்லாந்தே கிடந்தவர்களில் 32.8 சதவீதம். பாதிக்குப் பாதி! ஐ.சி.யு. வைத்தியத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். ஆனால் அது மயக்கத்தில் இருந்தவர்களின் கணக்கு. மயக்கத்தில் இருப்பவர் கழுத்து வலிக்கிறது என்று திரும்பிப் படுக்க மாட்டார், டீ கேட்க மாட்டார், போன் பார்க்க எழும்ப மாட்டார். முழித்திருக்கிற ஆளுக்கு அந்தக் கணக்கை அப்படியே தூக்கி வைக்க முடியாது, 2020-ல் உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார்கள்.

அப்போது நியூயார்க்கில் ஓர் அவசரப் பிரிவில் 50 பேரைக் கவனித்து எழுதியிருந்தார்கள். ஆக்சிஜன் கொடுத்தும் 84-ல் நின்றவர்கள் ஐந்தே நிமிடம் குப்புறப் படுத்ததும் 94-க்கு வந்துவிட்டார்கள். படித்த எல்லாருக்கும் ஆசை வரும், எங்களுக்கும் வந்தது. ஆனால் அதே ஐம்பது பேரில் கால்வாசிப் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் டியூப் போட வேண்டி வந்தது என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. நம்பர் ஏறுவது வேறு, ஆள் தப்பிப்பது வேறு. ஆக்சிமீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற குடும்பங்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

சரி, முழித்திருப்பவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2021-ல் கனடா, பிரான்ஸ், அயர்லாந்து, மெக்சிகோ, ஸ்பெயின், அமெரிக்கா என ஆறு நாடுகளில் ஹை ஃப்ளோவில் இருந்த ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கொரோனா நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 28 நாளுக்குள் டியூப் போட்டது அல்லது இறந்தது என்று சேர்த்து எடுத்தால், குப்புறப் படுத்தவர்களில் 40 சதவீதம், படுக்காதவர்களில் 46 சதவீதம். டியூப் போடுவது குறைந்தது, இறப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை. அப்புறம் 2022-ல் பதினேழு ஆய்வுகள், மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆட்கள் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோதும் கதை அதேதான்: டியூப் கிட்டத்தட்ட 30 சதவீதத்திலிருந்து 24 சதவீதத்துக்கு இறங்கியது, இறப்பு பற்றி உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. நூறு பேரைக் குப்புறப் படுக்க வைத்தால் ஆறு பேர் போல டியூப்பிலிருந்து தப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அற்பமாகத் தெரியலாம். ஆனால் மருந்துச் செலவு இல்லாமல், தலையணையும் ஆள்பலமும் மட்டும் கேட்கிற ஒரு காரியத்துக்கு ஆறு பேர் என்பது சின்ன விஷயமில்லை, அந்த ஆறில் நம் அப்பாவும் ஒருவராக இருக்கலாம்.

யாருக்குப் பலன் என்று பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகிறது. ஹை ஃப்ளோ, சிபாப் (இறுக்கமான மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுப்பது) மாதிரி மெஷினில் இருந்தவர்களுக்கும் ஐ.சி.யு.வில் இருந்தவர்களுக்கும்தான் டியூப் குறைந்தது. சாதாரண வார்டில், மூக்குக் குழாயிலோ மாஸ்க்கிலோ கொஞ்சம் ஆக்சிஜனோடு இருந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் 248 பேரை வைத்து அப்படி ஓர் ஆய்வு செய்து, இதனால் பலன் தெரியப் போவதில்லை என்று பாதியிலேயே நிறுத்தினார்கள். அதில் இன்னொரு விஷயமும் உண்டு: குப்புறப் படுக்கச் சொன்னவர்கள் மூன்று நாளில் மொத்தமாகப் படுத்ததே ஆறு மணி நேரம் போலத்தான். தன் காலில் நடந்து பாத்ரூம் போகிற ஆளிடம் கவிழ்ந்து படு என்றால் அவர் ஏன் படுப்பார்? ஆகவே மூக்குக் குழாயில் இரண்டு லிட்டரில் 95 காட்டுகிற சித்தப்பாவை, அவர் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது, வீடியோவில் பார்த்தோம் என்று கவிழ்க்க வேண்டாம். அவருக்குத் தூக்கம்தான் பெரிய மருந்து. ஒருக்களித்தோ சாய்ந்தோ அவருக்கு எப்படி வசதியோ அப்படிப் படுக்கட்டும், மல்லாந்து நீட்டிக் கிடக்காமல் இருந்தால் போதும்.

கடுமையான கேஸுக்கு வருவோம். இங்கே முடிவைத் தீர்மானிப்பது மணிக்கணக்கு. முன்னால் சொன்ன ஆறு நாட்டு ஆய்வில் நாளைக்கு எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ குப்புறக் கிடந்தவர்களில் 17 சதவீதத்துக்குத்தான் டியூப்போ மரணமோ நேர்ந்தது, எட்டு மணிக்குக் குறைவாகக் கிடந்தவர்களில் 48 சதவீதம். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு: நன்றாகத் தேறி வருகிறவரால்தான் அதிக நேரம் படுக்கவும் முடியும், ஆகவே இந்த வித்தியாசம் முழுக்கப் படுக்கையின் சாதனை என்று சொல்ல முடியாது. என்றாலும் மெக்சிகோவில் ஆட்கள் தினமும் எட்டு மணி நேரத்துக்கு மேல் படுத்தார்கள், அங்கே பலனும் நன்றாகத் தெரிந்தது. கனடா, சவூதி, குவைத், அமெரிக்கா சேர்ந்து 400 பேரை வைத்துச் செய்த ஆய்வில் நாளைக்கு ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை, வித்தியாசம் நிரூபணமாகவும் இல்லை. எனக்கு இதில் சந்தேகம் அதிகமில்லை: அரை மணி நேரம் கவிழ்ந்துவிட்டு "செஞ்சு பாத்தாச்சு, சரிவரல" என்று சொல்வது செய்யாததற்குச் சமம்.

எட்டு மணி நேரம் என்று எழுதுவது சுலபம். காய்ச்சலும் இருமலும் பயமும் உள்ள ஓர் ஆளை, மூக்கில் சூடான காற்று சீறிக்கொண்டிருக்க, நெஞ்சை மெத்தையில் அழுத்திக் கிடக்கச் சொல்கிறோம். "என்னால ஒக்காது சிஸ்டர்" என்பதுதான் முதல் பதில். அப்போது தலையணைதான் முக்கியம். ஒன்று தலைக்குக் கழுத்தடியில், ஒன்றிரண்டு நெஞ்சிலிருந்து தொடை மேல்பகுதி வரை, இரண்டு முழங்காலுக்குக் கீழே கணைக்கால் தூக்கி நிற்க. ஆக நாலைந்து வேண்டும். வயிறு பெரிதாக இருப்பவருக்கு நெஞ்சிலும் இடுப்பிலும் மட்டும் கொடுத்து வயிற்றை இடைவெளியில் தொங்க விட வேண்டும், வயிறு மெத்தையில் அழுந்தினால் உதரவிதானம் மேலே ஏறி, சம்பாதித்ததெல்லாம் போய்விடும். ஆஸ்பத்திரித் தலையணை பெரும்பாலும் அப்பளம் மாதிரி இருக்கும், நெஞ்சு வைத்த அரை மணியில் காணாமல் போய்விடும். வீட்டிலிருந்து நன்றாக இறுக்கி அடைத்த இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு கொண்டுவரச் சொல்வேன். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, அந்தப் பக்கத்துக் கையை மேலே மடக்கி, மறு கையைக் கீழே நீட்டி, நீச்சலடிக்கிற மாதிரி வைத்து, இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்ற வேண்டும். காது மடங்கிக் கிடக்கிறதா, கண் அழுந்துகிறதா, ஊசி குத்திய கை அடியில் மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும்.

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழிந்துதான் கவிழ்க்க வேண்டும். சோறும் மீன்குழம்பும் மரச்சீனியும் வயிறு முட்டக் கொடுத்துவிட்டு "இப்பப் படுக்கச் சொல்லுங்க" என்று கேட்கிற பாசக்காரர்கள் ஒவ்வொரு வார்டிலும் இருக்கிறார்கள், பாசம் புரிகிறது, ஆனால் கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாத்ரூமுக்கு எழும்பி நடப்பதுதான் பெரிய ஆபத்து: ஆக்சிஜனைக் கழற்றிவிட்டு நாலு எட்டு நடந்தால் 92 எழுபதுக்கு இறங்கிவிடும். யூரின் பாட்டில், பெட்பேன், வெட்கப்பட இது நேரமில்லை.

நேரத்தை ஓட்டவும் ஒரு வழி வேண்டும். கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள் பலர் கையில் ஜெபமாலையோடு கவிழ்ந்து படுப்பார்கள். ஒரு ஜெபமாலை முடிய இருபது நிமிடம் போல ஆகும், மூன்று முடிந்தால் ஒரு மணி நேரம். கட்டில் தலைமாட்டில் போனைச் சாய்த்து வைத்து சீரியல் பார்ப்பவர்கள் உண்டு. ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்கு விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடும், அவர்களிடம் ராத்திரி முழுக்கக் கிட என்று சண்டை போடாமல் பகலில் தூங்கும் நேரத்தைக் கவிழ்ந்த நேரமாக்கிக்கொள்ளலாம். குப்புற இரண்டு மணி, வலது பக்கம் ஒரு மணி, சாய்ந்து உட்கார்ந்து சாப்பாடு, இடது பக்கம் ஒரு மணி, மறுபடி குப்புற என்று சுற்றிக்கொண்டே இருந்தால் ராத்திரியோடு சேர்த்து எட்டு மணி வந்துவிடும். முழுக்கக் கவிழவே முடியாதவருக்கு முக்கால்வாசி கவிழ்ந்து ஒருக்களித்த நிலை இருக்கிறது, முழுப் பலனுக்கு உத்தரவாதமில்லை, ஆனால் மல்லாந்து கிடப்பதைவிட அதுவே மேல் என்று நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். ஐ.சி.யு.வில் ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில் என்று நமக்குத் தெரியும். உறவினரை உள்ளே விடுகிற ஆஸ்பத்திரி, விடாத ஆஸ்பத்திரி இரண்டையும் ஒப்பிட்டால், குப்புறப் படுக்க வைக்கும் விஷயத்தில் மட்டும் விடுகிற இடத்துக்குத்தான் என் ஓட்டு. மகளோ மருமகனோ முதுகைத் தடவிக்கொண்டு "இன்னும் கொஞ்ச நேரம்ப்பா" என்று சொன்னால் கேட்கிற ஆள், நான் பத்துத் தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

முதுகெலும்பு, இடுப்பெலும்பு, தொடையெலும்பு முறிவு உள்ளவர்கள், காலில் ரத்தக்கட்டிக்கு வைத்தியம் தொடங்கி 48 மணி நேரம் ஆகாதவர்கள், பெரிய இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் தாங்களாகச் செய்யக்கூடாது என்று அமைச்சகத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஆஸ்பத்திரியில் தலையணை அமைத்து டாக்டர் பார்வையில் செய்வது வேறு விஷயம். ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருப்பவரையும், அரை மயக்கத்தில் உளறுகிறவரையும், வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவரையும் முழித்த நிலையில் கவிழ்ப்பது கிடையவே கிடையாது.

மெஷின் எது என்பதில் குடும்பத்தின் கையில் அதிகமில்லை, ஆஸ்பத்திரியில் என்ன இருக்கிறதோ அதுதான். சாதா மாஸ்க்கோ பை வைத்த மாஸ்க்கோ போட்டுக் கவிழ்ந்தால் மாஸ்க் முகத்தில் நகரும், ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், ஆனால் தொடங்குவதற்கு அது போதும். ஹை ஃப்ளோ நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை சூடும் ஈரமுமான காற்றை மூக்கில் தள்ளும், வாய் சும்மா இருக்கும், பேசலாம், குடிக்கலாம், கவிழவும் வசதி. குப்புறப் படுக்கைக்கு நல்ல ஜோடி இதுதான். சிபாப், அதே வகைப் பைபாப் மாஸ்க்கோடு கவிழ்வது கஷ்டம், மாஸ்க் கன்னத்தை அறுக்கும், காற்று கசியும், வாந்தி வந்தால் மாஸ்க்குக்குள்ளேயே வரும் பயம் இருக்கிறது. எது உசத்தி என்பதில் ஆய்வுகளே முரண்படுகின்றன. 2015-ல் பிரான்ஸ், பெல்ஜியத்தில் 310 பேரை வைத்துப் பார்த்ததில் ஹை ஃப்ளோவில் இருந்தவர்கள் பிழைத்தது அதிகம். பிரிட்டனில் கொரோனா சமயத்தில் 1,273 பேரை வைத்துப் பார்த்தபோது சிபாப்தான் டியூப்பையோ இறப்பையோ குறைத்தது, 44 சதவீதத்திலிருந்து 36-க்கு. ஹை ஃப்ளோ சாதா ஆக்சிஜனைவிட மேலாகத் தெரியவில்லை. இதற்கு மேல் அது டாக்டர் தலைவலி, நீங்கள் அதில் சண்டை போட வேண்டாம்.

இனி டியூப். "டியூப் போட்டா ஆள் திரும்பாது" என்ற பேச்சு நம் மாவட்டத்தில் கல்யாண வீட்டிலும் நடக்கிறது, சாவு வீட்டிலும் நடக்கிறது. 2021-ல் பார்த்ததை வைத்துச் சொல்கிறார்கள், அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். டியூப் போட்டால் மயக்கம், நாள்கணக்கில் வென்டிலேட்டர், கிருமித்தொற்று, தசை வற்றிப்போவது எல்லாம் உண்டு, செலவும் உண்டு. ஆனால் குப்புறப் படுக்க வைப்பதையும் டியூப்பையும் ஒரே தராசின் இரண்டு தட்டில் வைப்பது சரியில்லை. மூச்சு திணறுகிற ஆள் மணிக்கணக்கில் முழு பலத்தோடு இழுத்து இழுத்து மூச்சு விடும்போது அந்த இழுப்பே ஏற்கெனவே புண்ணான நுரையீரலை மேலும் கிழிக்கும் என்ற கவலை டாக்டர்களுக்கு இருக்கிறது. கொரியாவில் 175 பேரைப் பார்த்த 2015 ஆய்வில், ஹை ஃப்ளோ தோற்றுப்போய் 48 மணி நேரத்துக்குப் பிறகு டியூப் போட்டவர்களில் ஐ.சி.யு.வில் இறந்தவர்கள் 67 சதவீதம் போல, அதற்கு முன்பே போட்டவர்களில் 39. "டியூப் போட்டதால் போய்விட்டார்" என்று நாம் சொல்கிற கதைகளில் எத்தனை, தாமதமாகப் போட்டதால் போனவை என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று, டியூப் போட்ட பிறகும் கவிழ்த்துப் போடத்தான் போகிறார்கள், புரோசேவாவின் அந்தப் பாதிக்குப் பாதி கணக்கே அங்கேதான்.

கவிழ்த்துப் பார்த்தது போதும், டியூப்புக்குப் போக வேண்டும் என்று எப்படித் தெரியும்? மூச்சு எண்ணிக்கையைப் பாருங்கள், ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும், பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பு வரும். வார்டில் நாங்கள் போடும் கணக்கு ஒன்று இருக்கிறது, ராக்ஸ் என்பார்கள். சாச்சுரேஷனை (ஆக்சிமீட்டர் காட்டும் நம்பர்) மெஷின் தரும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அளவால் வகுத்து, வந்ததை மூச்சு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 92 சாச்சுரேஷன், ஆக்சிஜன் 60 சதவீதம் என்றால் 0.6, மூச்சு நிமிடத்துக்கு 30: 92-ஐ 0.6-ஆல் வகுத்தால் 153, அதை 30-ஆல் வகுத்தால் 5.1. ஹை ஃப்ளோ தொடங்கி இரண்டு, ஆறு, பன்னிரண்டு மணி நேரங்களில் 4.88-க்கு மேல் இருந்தால் டியூப் தேவைப்படும் வாய்ப்பு குறைவு. அதே ஆளுக்கு சாச்சுரேஷன் 92-லேயே நின்று மூச்சு மட்டும் 38-க்கு ஏறினால் கணக்கு 4-க்கு வந்துவிடும். பன்னிரண்டாவது மணியில் 3.85-க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். ஆக்சிமீட்டர் நம்பர் மாறவே இல்லை, ஆனால் ஆள் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும். கணக்கு போடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் நடுவில் மூச்சு வாங்குகிறாரா, கழுத்துத் தசை இழுக்கிறதா, வேர்த்துக் கொட்டுகிறதா, நேற்று உஷாராக இருந்தவர் இன்று தூங்கித் தூங்கி விழுகிறாரா என்று பாருங்கள். இதில் ஒன்று வந்தாலும் "இன்னும் ஒரு நாள் கவிழ்த்துப் பார்ப்போமே" என்று டாக்டரிடம் பேரம் பேசாதீர்கள்.

ஆக்சிமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. மருதாணி, நெயில் பாலிஷ், குளிர்ந்த விரல் இதெல்லாம் தெரிந்ததுதான். கறுத்த தோலில் அது உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம் என்று அமெரிக்காவில் 2020-ல் எழுதியிருந்தார்கள், நம் ஆட்களுக்கு அது பொருந்தாது என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. 93 காட்டுகிறது என்று நிம்மதியாக இருக்கும் முன் ஆளையும் பாருங்கள்.

வீட்டில் செய்யலாமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 94-க்குக் கீழே போனால் குப்புறப் படுக்கலாம் என்று 2021 வழிகாட்டுதல் சொன்னது, அப்போது ஆஸ்பத்திரிகளில் கட்டில் இல்லை, வேறு வழியும் இல்லை. இப்போது கட்டில் இருக்கிறது. கோதையாறு, பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து 108 வந்து இறங்கும்வரை கவிழ்ந்து படுக்க வையுங்கள், தப்பில்லை, நல்லதுதான். ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டரை (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு, 88-ஐ 93 ஆக்கிவிட்டோம் என்று வீட்டிலேயே இரண்டு நாள் ஓட்டுவதுதான் கூடாது. அந்த 93 படுக்கை வாங்கிக் கொடுத்த 93, நோய் குறைந்து வந்த 93 இல்லை, திரும்பிப் படுத்ததும் தெரிந்துவிடும்.

எங்கே கொண்டுபோவது என்றால், கிழக்குப் பக்கத்துக்காரர்களுக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் பக்கம், விளவங்கோடு பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் மேல் ஒரு கண் எப்போதும் உண்டு, சிலருக்குத் திருநெல்வேலி. பெயரைவிட மூன்று விஷயத்தைப் போனில் கேளுங்கள்: ஹை ஃப்ளோ மெஷின் இப்போது காலியாக இருக்கிறதா, தேவைப்பட்டால் அங்கேயே டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைக்க முடியுமா, ராத்திரி டாக்டர் இருப்பாரா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் பக்கத்தில் இருக்கிற இடமே போதும். ஹை ஃப்ளோ மட்டும் இருந்து வென்டிலேட்டர் இல்லாத இடத்தில் கவிழ்த்துப் போட்டுக் காத்திருப்பது எனக்குப் பிடிக்காத தேர்வு, ஏனென்றால் தோற்கும்போது அது நடு ராத்திரியில் தோற்கும், அப்போது ஆளை மாற்றுவதுதான் மிகவும் ஆபத்து. மாற்றுவதாக இருந்தால் பகலில், ஓரளவு நிலையாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

வண்டியில் கவிழ்த்துப் படுக்க வைக்க வேண்டாம், தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்த மாதிரி உட்கார வைத்துக் கூட்டிப் போகட்டும். கிளம்பும் முன் சிலிண்டரைக் கேளுங்கள். சின்ன பி டைப் என்றால் நிரம்பியிருந்தாலும் 1,500 லிட்டர்தான், நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் நூறு நிமிடத்தில் காலி. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி எண்பது கிலோமீட்டர் போல, வண்டி எங்காவது நெரிசலில் மாட்டினால் கணக்கு உதைக்கும். பெரிய டி டைப்பில் 7,000 லிட்டர் இருக்கும், அதே 15 லிட்டருக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் ஹை ஃப்ளோவை முழு ஆக்சிஜனில் 60 லிட்டருக்கு வைத்துக்கொண்டு போவதாகச் சொன்னால் அந்தப் பெரிய சிலிண்டரே இரண்டு மணி நேரம் தாங்காது. எந்த சிலிண்டர், மீட்டரில் முள் எங்கே நிற்கிறது, கூடுதலாக ஒன்று இருக்கிறதா என்று ஓட்டுநரிடமும் கூட வருகிற ஊழியரிடமும் கேட்டுவிட்டு ஏறுங்கள், சங்கடப்படாமல் கேளுங்கள்.